ஆட்டுப்பட்டியும் குதிரை லாயமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திவ்யா என் வீடு தேடி ஆண்டர்சன்பேட்டைக்கு வந்தாள். பெங்களூரில் சீன மொழிபெயர்ப்பாளராக இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த வேலைக்கு வந்தவர்களில் ஒருத்தி. கையில் ஸ்பைரல் போட்ட ஒரு கட்டு வைத்திருந்தாள். என் கையெழுத்தின் ஜெராக்ஸ் என்று வாசலிலேயே தெரிந்துவிட்டது.

"மேடம், இதைப் புஸ்தகமா போடலாம்னு இருக்கோம். எங்க செட்ல எல்லார்கிட்டயும் ஒரு காப்பி இருக்கு. நீங்க ஒரு முன்னுரை மட்டும் எழுதிக் குடுத்தா போதும்."

அது என் பழமொழி நோட்டு. இடப்பக்கம் சீனப் பழமொழி, வலப்பக்கம் அதற்கு இணை என்று நான் எழுதிய ஆங்கிலப் பழமொழி. முந்நூறுக்கு மேல் இருக்கும். அவளுக்குக் குடிக்கக் காப்பி கொடுத்துவிட்டு, அவள் கீழே வைத்த கட்டை எடுத்துப் புரட்டினேன். அறுபத்தொன்றாவது வரி வந்ததும் மூடிவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பி வைத்தேன். நாலு நாள் உட்கார்ந்தும் முன்னுரை வரவில்லை. வந்தது இதுதான்.

என் அப்பா சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கத்தில் பெல்மேன். சுரங்கத்துக்குள் ஆட்களைக் கொண்டுபோகும் கேஜ் ஏற வேண்டுமா, இறங்க வேண்டுமா, நிற்க வேண்டுமா என்று மேலே இருக்கும் இன்ஜின் டிரைவருக்கு மணியடித்துச் சொல்வது அவர் வேலை. அத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் வந்து, அழகாக அடித்தீர்கள் என்று சொன்னதில்லை. ஆட்கள் இறங்கினார்கள், ஏறி வந்தார்கள். அதோடு சரி.

சுரங்கம் மூடும் சமயத்தில் நான் தினமும் ரயிலில் பங்காருபேட்டை வழியாக பெங்களூர் போய்வந்துகொண்டிருந்தேன். சீனாவிலிருந்து இயந்திரம் இறக்குமதி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் டைப்பிஸ்ட். வரும் இன்ஜினியர்களோடு பேச ஆள் இல்லை என்று கம்பெனி இரண்டு பேரை அங்கே மொழி படிக்க அனுப்பியது. கல்யாணமாகாதவள், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் கடையில் தெலுங்கும் பேசி வளர்ந்தவள் என்று என்னையும் சேர்த்தார்கள். பதினெட்டு மாதம் படித்தேன். குளிரும், நூடுல்ஸும், நாக்கு சுளுக்கிக்கொண்டதும் தவிர இன்று பெரிதாக ஒன்றும் நினைவில்லை. ஆனால் முதல் வாரம் ஆசிரியை சொன்ன விதிகள் அப்படியே இருக்கின்றன. பேசுபவருக்கு அரை அடி பின்னால், இடப்பக்கம் உட்கார வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக் கூடாது, அவராகவே 'நான்' என்று பேச வேண்டும். எண்களைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கி, பேச்சை நிறுத்தி, திரும்பக் கேட்க வேண்டும். கடைசி விதியைச் சொல்லும்போது அந்த அம்மாள் கரும்பலகையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினார்.

திரும்பி வந்து மாநிலம் முழுக்கத் தொழிற்சாலைகளில் இயந்திரம் நிறுவும் இடங்களுக்குப் போனேன். போல்ட், பேரிங், எண்ணெய் அழுத்தம் எல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். சீன இன்ஜினியர்கள் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்து திடீரென்று நான்கு எழுத்தில் ஒரு பழமொழியைப் போட்டுவிடுவார்கள். அதற்குப் பின்னால் இரண்டாயிரம் வருஷத்துக் கதை ஒன்று இருக்கும். மேஜையைச் சுற்றி எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கூட்டத்தின் சூடு ஆறிப் போகும்.

அதற்காக ஆரம்பித்ததுதான் நோட்டு. மாலையில் அகராதிகளை விரித்து வைத்துக்கொண்டு ஜோடி சேர்ப்பேன். இங்கே ஒரு பழமொழி, அங்கே ஒரு பழமொழி, இரண்டும் எதிரெதிரே உட்கார்ந்ததும் ஒரு நிம்மதி வரும். அடுத்த முறை கூட்டத்தில் சீனப் பழமொழி வந்து விழுந்த அதே வேகத்தில் நான் ஆங்கிலப் பழமொழியைத் திருப்பிப் போடுவேன். மேனேஜர்கள் சிரிப்பார்கள். 'சூப்பர் மேடம்' என்பார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் பழகிவிட்டேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். என் வாயிலிருந்து வருவது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைவிட, அழகாக இருந்ததா என்று பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

கடைசி வருஷங்களில் கோலார் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த ஒரு தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை. வரிசையாகப் பவர் பிரஸ்கள். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டிவிட்டு மேலே போய் நிற்கும். ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் நம்ம ஊர்ப் பெண்கள். காலையில் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து கிளம்பும் கம்பெனி பஸ்ஸில் நானும் அவர்களோடுதான் போவேன்.

பிரஸ்களை விற்ற கம்பெனி சீனாவிலிருந்து ஒரு இன்ஜினியரை அனுப்பியிருந்தது. பெயர் லின். ஐம்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் முழங்கை வரை நீலத் துணி உறை மாட்டியிருப்பார். ஒரு பிரஸ்ஸின் முன் வந்து நின்றால் முதலில் எதையும் கேட்க மாட்டார். புறங்கையை மோட்டார் மேல் வைத்துச் சூடு பார்ப்பார். கண்ணை மூடி, அச்சு இறங்கும் சத்தத்தை நாலைந்து முறை கேட்பார். பிறகுதான் பேச்சு. இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துவார். நான் சொல்லி முடிக்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார். நான் முடித்ததும் லேசாகத் தலையசைத்துவிட்டு அடுத்த இரண்டு வாக்கியம். இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு மரியாதை கொடுத்து வேலை செய்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. ஆங்கிலம் அவருக்கு நூறு வார்த்தைகூடத் தெரியாது.

அவரிடம் ஒரு குணம். மேலே இருப்பவரிடம் 'கூடாது' என்று முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார். அவர் வளர்ந்த விதம் அப்படி. விஷயம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு சுருக்கமாக, பழைய வழக்கு ஒன்றில் பொதிந்து சொல்வார். அவர் பழமொழி பேசினால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும்தான் அப்படிச் செய்தேன்.

மஞ்சுளா மூன்றாவது பிரஸ்ஸை ஓட்டியவள். மைசூர் மைன்ஸில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீட்டுப் பெண். வயது இருபத்தாறு, மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு இடுக்கி, சிக்கிய தகட்டை எடுக்க வைத்திருப்பது. அதன் மூக்கு தகடு போல நசுங்கியிருந்தது.

"இத பாருங்கக்கா. பட்டன்ல கையே வெக்கல. தானாவே ரெண்டாவது வாட்டி எறங்கிச்சி. இடுக்கி இருந்ததால கை தப்பிச்சி."

"சூப்பர்வைசர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'பாத்து ஓட்டு'ன்றாரு. நீங்க அந்த லின் சாருகிட்ட சொல்லுங்கக்கா. அவரு காது குடுத்து கேப்பாரு."

மறுநாள் காலை லின்னிடம் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் இடுக்கியை வாங்கித் துணியில் சுற்றிக்கொண்டார். மூன்று பிரஸ்களின் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். பதினோரு மணிக்கு மேனேஜர் அறையில் உட்கார்ந்தோம். மேனேஜர் பிரகாஷ் பெங்களூர்க்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை போக வேண்டிய லோடு அவர் தலைமேல் உட்கார்ந்திருந்தது.

லின் இடுக்கியை மேஜைமேல் வைத்துத் துணியைப் பிரித்தார். பிரேக் லைனிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும், மூன்று பிரஸ்ஸையும் இரண்டு நாள் நிறுத்தி லைனிங் மாற்றி, கை உள்ளே போனால் இயந்திரத்தை நிறுத்தும் ஒளி சென்சாரும் மாட்ட வேண்டும் என்று சொன்னார். எண்களைத் தாளில் குறித்து ஒன்றுகூடப் பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பிரகாஷ் நாற்காலியில் சாய்ந்தார். "சனிக்கிழமை வரைக்கும் ஓட்டிட்டு ஞாயிறு நிறுத்தலாமே. ஏற்கெனவே ஒரு தடவை ஆயிடுச்சு, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இப்பவே நிறுத்தித்தான் ஆகணுமான்னு கேளுங்க."

லின்னிடம் கேட்டேன். அவர் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு நான்கு எழுத்து சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் நோட்டில் அது அறுபத்தொன்றாவது வரி. சீனத்தில் ஒரு ஆட்டுப்பட்டி வரும். அதற்கு எதிரே நான் எழுதியிருந்த ஆங்கிலத்தில் ஒரு குதிரை லாயம் வரும். இரண்டிலும் விலங்கு முதலில் போய்விடுகிறது, ஆள் பிறகுதான் எழுந்து வேலை செய்கிறான். ஜோடி அவ்வளவு அழகாகப் பொருந்தியது. நான் யோசிக்கவே இல்லை. லின் வாய் மூடுவதற்குள் ஆங்கிலப் பழமொழி என் வாயில் இருந்தது. கொஞ்சம் ராகத்தோடுகூடச் சொன்னேன்.

பிரகாஷ் சிரித்துவிட்டார். "பாருங்க, அவரே சொல்றாரு. ஆனது ஆயிடுச்சு, இப்ப அவசரமா ஓடி என்ன பிரயோஜனம். ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம். நைஸ் ஒன், மேடம்."

லின் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை நிறுத்துவார்களாம் என்றேன்.

"நான் சொன்னதைச் சொன்னீர்களா?"

"சொன்னேன்."

"சொல்லியும் ஞாயிற்றுக்கிழமைதானா?"

"ஆமாம்."

இடுக்கியைத் திரும்பத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு எழுந்தார்.

சீனக் கதை இதுதான். ஒருவன் பட்டியில் ஓட்டை. ஓநாய் வந்து ஒரு ஆட்டைக் கொண்டுபோகிறது. ஓட்டையை அடையப்பா என்கிறார்கள் அக்கம்பக்கத்தார். போன ஆடு போய்விட்டது, இனி எதற்கு என்கிறான். அடுத்த நாள் இன்னொன்று போகிறது. அப்போதுதான் அடைக்கிறான், அதன் பிறகு ஒன்றும் போவதில்லை. ஒன்று போனாலும் மிச்சத்தைக் காப்பாற்ற இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதே செய் என்பது அதன் பொருள். ஆங்கிலத்தில் லாயத்தில் இருந்ததே ஒரு குதிரை. அது போய்விட்டது. இனிப் பூட்டுகிறவன் முட்டாள். ஒன்று அவசரப்படுத்துகிறது, மற்றது கேலி செய்கிறது. படம் ஒன்று, பொருள் நேர் எதிர். அகராதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தது. நான் அப்படியே எடுத்து எழுதிக்கொண்டேன்.

இது எனக்கு எப்போது தெரிந்தது என்று பின்னால் நடந்த விசாரணையில் யாரும் கேட்கவில்லை. இங்கே சொல்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. பிரகாஷின் சிரிப்பும் லின்னின் முகமும் ஒரே வாக்கியத்துக்கு வந்தவை இல்லை என்று மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் ஆசிரியை அந்தக் கதையைச் சொன்ன நாளும், கடைசியில் ஆடுகள் பிழைத்ததும் நினைவுக்கு வந்தன. முன் சீட்டில் மஞ்சுளா பக்கத்துப் பெண்ணோடு பேசிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலை பிரகாஷ் அறை வரை போனேன். அவர் போனில் இருந்தார். என்னைப் பார்த்ததும் போனைக் கையால் மூடிக்கொண்டு, "மேடம், நேத்து நீங்க சொன்ன லைனை ஹெட் ஆபீசுக்கு எழுதுன மெயில்ல அப்படியே போட்டேன். எல்லாரும் ரசிச்சாங்க" என்றார். நான் வாசலில் நின்றேன். உள்ளே போய், நான் சொன்னது தப்பு, அவர் சொன்னது அதற்கு நேர் எதிர் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். அவர் மறுபடி போனில் பேச ஆரம்பித்தார். மத்தியானம் சொல்லலாம் என்று திரும்பினேன். மத்தியானம் அவர் வெளியே போயிருந்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எனக்குப் பயம் வேலை போய்விடும் என்பதல்ல. 'நைஸ் ஒன்' போய்விடும் என்பதுதான்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி, டீக்கு முன்னால். நான் அலறல் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரஸ்ஸாக நின்றுபோக, பரவி வந்த அமைதியைத்தான் கேட்டேன். ஓடியபோது லின் ஏற்கெனவே அங்கே இருந்தார். தன் கையிலிருந்த நீலத் துணி உறையை உருவி மஞ்சுளாவின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தகடு சிக்கியிருக்கிறது. இடுக்கி இல்லை. பழையது நசுங்கி லின்னிடம் இருந்தது, புதியது ஸ்டோர்ஸிலிருந்து வரவில்லை. பட்டனிலிருந்து கையை எடுத்து உள்ளே விட்டிருக்கிறாள். அச்சு தானாக இறங்கியது. வலது கையில் மூன்று விரல்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வேனில் நானும் லின்னும் அவளுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். வழியெல்லாம் கண்ணை மூடியிருந்தவள் ஒரே ஒரு முறை திறந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, சாருகிட்ட சொன்னீங்க இல்ல?"

"சொன்னேம்மா."

பொய் இல்லை அது. ஆனால் அதைப்போல ஒரு பொய்யை நான் வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இதுவரை நடந்ததை அலட்சியம் என்று சொல்லலாம். அடுத்து நடந்ததற்கு அந்தப் பெயர் கிடையாது.

பத்து நாள் கழித்துக் கம்பெனிக்குள்ளேயே விசாரணை. ஹெட் ஆபீசிலிருந்து வந்த அதிகாரி ஒருவர், பிரகாஷ், லின், மொழிபெயர்க்க நான். மொழிபெயர்ப்பையே விசாரிக்க வேண்டிய இடத்தில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதிகாரி கூட்டக் குறிப்பைப் படித்தார். இந்த நிலையில் முன்னெச்சரிக்கை எடுப்பது பயனற்றது என்று வெளிநாட்டு இன்ஜினியர் கருத்துச் சொன்னதாக அதில் இருந்தது. "இவர் அப்படிச் சொன்னாரா என்று கேளுங்கள்" என்றார்.

அந்த ஆங்கில வாக்கியத்தைச் சீனத்தில் சொல்ல எனக்கு ஐந்து விநாடி ஆகியிருக்கும். பயனற்றது என்று சொன்னீர்களா என்று கேட்டிருந்தால் லின் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். எல்லாம் அங்கேயே வெளியே வந்திருக்கும். நான் அப்படிக் கேட்கவில்லை. லின் பக்கம் திரும்பி, "அன்றைய கூட்டத்தில் நீங்கள் இதைத்தானே சொன்னீர்கள்" என்று கேட்டு, அவருடைய நான்கு எழுத்தையே திருப்பிச் சொன்னேன்.

லின் முகம் தெளிந்தது. தன் பக்கத்து நியாயத்தைக் கடைசியில் யாரோ கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "ஆமாம், நான்தான் சொன்னேன். தெளிவாகச் சொன்னேன்" என்றார்.

நான் அதிகாரியிடம், "ஆமாம், நான் தெளிவாகச் சொன்னேன்" என்றேன். விதிப்படி, 'நான்' என்றே சொன்னேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். லின் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாரத்தில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவருடைய கம்பெனி அதன் பிறகு அவரை வெளிநாடு எதற்கும் அனுப்பவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். புறப்படும் அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்கள் இல்லாவிட்டால் இந்த ஊரில் எனக்கு வாயே இருந்திருக்காது" என்றார். என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருப்பேன். எனக்குத்தான் பேச்சு வருமே.

பிறகு ஏழு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அவர்களுடைய புத்தாண்டுக்கு லின்னிடமிருந்து ஒரு வாழ்த்து மெயில் வரும். நானும் நல்ல சீனத்தில் பதில் போடுவேன். நோட்டைத் தூக்கி எறியவில்லை. அறுபத்தொன்றாவது வரிக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன், அவ்வளவுதான். ஜெராக்ஸில் பென்சில் விழவில்லை. திவ்யா கொண்டுவந்த காப்பியில் அந்த வரி சுத்தமாக இருந்தது.

அவள் வந்துபோன ஐந்தாம் நாள் போன் பண்ணிப் புத்தகம் வேண்டாம் என்று காரணத்தோடு சொன்னேன். "சரி மேடம்" என்றாள். பிறகு பழைய தொழிற்சாலையின் ஹெட் ஆபீசுக்கு, கூட்டக் குறிப்பில் இருப்பது லின் சொன்னதல்ல, என் தவறு என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கோப்பு முடிந்துவிட்டது என்று ஒரு வரி பதில் வந்தது. லின்னுக்கு எழுத மூன்று நாள் ஆயிற்று. விசாரணையில் நான் கேட்ட கேள்வியையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு நாள் கழித்து அவரிடமிருந்து வந்ததும் ஒரே வரிதான்.

"அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?"

மஞ்சுளா இப்போது ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேலையில் இருக்கிறாள். வியாழக்கிழமை மாலை மைசூர் மைன்ஸில் அவள் வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு முறை நின்றேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "இன்னாக்கா, இவ்ளோ நாள் கழிச்சி. உள்ள வாங்க" என்றாள். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். பழமொழி, ஆடு, குதிரை எதுவும் இல்லாமல் சொன்னேன். அவர் உடனே நிறுத்தச் சொன்னார், நான் அதை நிறுத்த வேண்டாம் என்பது போலச் சொல்லிவிட்டேன், அன்றைக்கே எனக்குத் தெரியும், சொல்லாமல் இருந்துவிட்டேன்.

அவள் தன் வலது கையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கேவா தெரியும்?"

"புதன்கிழமை சாயங்காலமே."

"வெள்ளிக்கெழமதான எனக்கு ஆச்சி."

"ஆமா."

அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"நான் அவரத்தான் திட்டிக்கினு இருந்தேன்கா. ஆபீஸ்ல அப்படித்தான் சொன்னாங்க, சைனாக்காரரே வேணான்னு சொல்ட்டாருன்னு. பாப்பாக்கு யூனிபார்ம் பட்டன் போட வராது இந்தக் கைல. ஒவ்வொரு நாளும் காலைல அவரு பேரச் சொல்லி சபிச்சிட்டுதான் போடுவேன். எத்தினி நாளு." நிறுத்தினாள். "எங் கைய கட்டுனவரு அவரு."

மன்னித்துவிடு என்று ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் இப்ப வேணாங்க்கா," என்றாள். குரல் உயரவில்லை. "அவர்கிட்ட நான் பேசணும். உங்களால முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு லின் நேரம் கொடுத்தார். மஞ்சுளா வீட்டில், வீடியோ காலுக்காக என் போனை ஒரு எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்தோம். பழக்கதோஷத்தில் நான் அவளுக்கு அரை அடி பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்தேன். லின் திரையில் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னிடம் நலம் விசாரிக்கவில்லை. நேராக மஞ்சுளாவைப் பார்த்துத் தலை குனிந்தார். பிறகு பழையபடி இரண்டு வாக்கியம் பேசி நிறுத்தினார்.

"அன்று நான் 'நிறுத்துங்கள்' என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்க வேண்டும். மேனேஜரின் மனம் நோகக் கூடாது என்று சுற்றி வளைத்துச் சொன்னேன், அது என் தவறு."

இதைத் தமிழில் சொன்னேன். என் பழியில் பாதியை அவர் எடுத்துக்கொள்கிறார், அதை என் வாயாலேயே 'என் தவறு' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்கிறவளுக்கு அந்த 'என்' யாருடையது என்று ஒரு கணம் குழம்பியிருக்கும்.

"அவரு எதுக்கு தப்புன்றாரு?" என்றாள் மஞ்சுளா. "அவரு மேல தப்பில்லன்னு சொல்லுங்க. இத்தினி வருஷம் தெரியாம திட்டிட்டேன்னு சொல்லுங்க. நான் சொன்னதா சொல்லுங்க."

சொன்னேன். லின் கேட்டுக்கொண்டார். தலையசைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, முதல் முறையாக என்னிடம் பேசினார். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"இது அந்தப் பெண் சொன்னதுதானா?"

"ஆமாம்."

"நான் எப்படித் தெரிந்துகொள்வது?"

இதை நான் மஞ்சுளாவுக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு சொன்னேன். அவள் யோசித்தாள். தன் போனை எடுத்து, மொழிமாற்றிப் பேசும் ஆப் ஒன்றைத் தேடித் திறந்தாள். பள்ளிக்கூட வேனில் வருகிற வடநாட்டுக் குழந்தைகளின் அம்மாக்களோடு பேச வைத்திருக்கிறாளாம். மொழியில் சீனத்தைத் தேர்ந்தெடுத்துப் போனை வாய்க்குப் பக்கத்தில் பிடித்தாள். இவ்வளவு நேரம் பேசிய தமிழை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாசித்த தமிழில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"உங்கள் மேல் தவறு இல்லை. தெரியாமல் உங்களைத் திட்டினேன்."

போன் அதை ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு பெண் குரலில் சீனத்தில் சொன்னது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். சொற்கள் முரட்டுத்தனமாக இருந்தன, ஆனால் சரியாக இருந்தன. நான் சொன்னதும் அதுவும் ஒன்றுதான். லின் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரியாக இருக்கிறது" என்றார்.

பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்த வேலை பார்த்திருக்கிறேன். என் மொழிபெயர்ப்பை என் எதிரிலேயே யாரும் சரிபார்த்ததில்லை. அவர் செய்ததில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மஞ்சுளா டப்பாவை நகர்த்தி, தன் போனை என் போனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். லின் தன் பேத்தியின் படத்தைக் காட்டினார். அவர் ஏதோ கேட்டார், போன் தமிழில் சொன்னது. அவள் பதில் சொன்னாள், போன் சீனத்தில் சொன்னது. நடுவில் ஒரு முறை போன் ஏதோ உளறியது, இரண்டு பேரும் சிரித்தார்கள். திருத்தலாமா என்று என் வாய் வரை வந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

அவள் எழுந்து போய் டீ கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"நீங்க குடிங்கக்கா," என்றாள். "நாங்க பேசிக்கிறோம்."